சீக்கியக் குடும்பங்களும் சுற்றுச்சூழல் பேணலும்: ஓர் எளிய அறிமுகம்

சீக்கிய சமயத்தைப் பின்பற்றும் வீடுகளில் விடியற்காலையில் ஓதப்படும் முதல் துதி ஜப்ஜி சாகிப். முதல் குருவான குருநானக் (1469–1539) இயற்றிய அந்தத் துதிதான் அவர்களுடைய புனித நூலான குரு கிரந்த சாகிப்பின் தொடக்கத்திலும் இருக்கிறது. ‘பவண் குரு, பாணி பிதா, மாதா தரத் மஹத்’ என்று தொடங்கும் ஒரு செய்யுளோடு அது நிறைவு பெறுகிறது. காற்று குரு, நீர் தந்தை, மண் மாபெரும் தாய். பகலும் இரவும் இரு செவிலியர். அவர்கள் மடியில் உலகம் முழுவதும் விளையாடிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள்கூட, பாட்டி சொல்லக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகச் சொல்லிவிடும் வரிகள் இவை.

சீக்கியர்கள் சுற்றுச்சூழலைப் பேணுவது பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் செய்யுளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் செய்யுளை மேற்கோள் காட்டுவது எளிது; அதன்படி ஒரு வீடு நடந்துகொள்வது எப்படி என்பதுதான் கேள்வி. சீக்கிய சமயத்தைப் பற்றி அதிகம் அறியாத தமிழ் வாசகருக்காக, அந்தச் சமயத்தின் சில அடிப்படைக் கருத்துகளையும், பஞ்சாபில் ஒரு குடும்பம் ஒன்றுகூடிச் செய்யக்கூடிய, பல குடும்பங்கள் ஏற்கெனவே செய்துவருகிற காரியங்களையும் இங்கே விளக்க முயல்கிறேன்.

இல்லறமே களம்

சீக்கிய சமயத்தில் துறவுக்கு இடமில்லை. காட்டுக்குப் போய்த் தவம் செய்வதையும், பிச்சை எடுத்து உண்பதையும் குருக்கள் ஏற்கவில்லை. குருநானக்கே நெடும் பயணங்களை முடித்துக்கொண்டு, ராவி ஆற்றங்கரையில் கர்தார்பூர் என்னும் ஊரை உருவாக்கி, மனைவி மக்களோடு வாழ்ந்து, தம் இறுதிக் காலத்தை உழவராகவே கழித்தார். இறைவன் பெயரை நினைத்திருத்தல், நேர்மையாக உழைத்து வாழ்தல், கிடைத்ததைப் பகிர்ந்து உண்ணுதல் ஆகிய மூன்றும் சீக்கிய வாழ்வின் தூண்களாகச் சொல்லப்படுகின்றன. இம்மூன்றில் எதையும் வீட்டை விட்டுவிட்டுச் செய்ய முடியாது. இவற்றோடு பயன் கருதாத தொண்டாகிய ‘சேவா’வும், ‘அர்தாஸ்’ என்னும் கூட்டு வேண்டுதலின் முடிவில் கேட்கப்படும் ‘சர்பத் தா பலா’ என்கிற, அதாவது எல்லோருக்கும் நன்மை உண்டாகட்டும் என்கிற, விருப்பமும் சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே சுற்றுச்சூழலைக் காப்பது சீக்கியக் குடும்பத்துக்குப் புதிதாக வெளியிலிருந்து வந்து சேர்ந்த கடமை அன்று. ஓதுதல், உழுதல், சமைத்தல், பரிமாறுதல், தானம் செய்தல் என்று அந்தக் குடும்பம் ஏற்கெனவே சமயக் கடமையாகச் செய்துவரும் வேலைகளைக் கூடுதல் கவனத்தோடு செய்தாலே அதில் பெரும்பகுதி நிறைவேறிவிடும் என்பது என் எண்ணம். எஞ்சிய பகுதி கடினமானது. அதுவும் பெரும்பாலும் வயலில்தான் இருக்கிறது.

இன்னொரு கருத்தையும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. படைப்பு முழுவதையும் சீக்கியர்கள் ‘குத்ரத்’ என்பார்கள். ‘குத்ரத்தில் உறைபவனே, உன்னைப் போற்றி என்னையே தருகிறேன்’ என்ற பொருளில் குருநானக்கின் வரி ஒன்று ‘ஆசா தி வார்’ என்ற காலைப் பாடல் தொகுப்பில் வருகிறது. பூரி ஜகந்நாதர் கோயிலில் நடந்த தீப வழிபாட்டைக் கண்டபோது அவர் பாடியதாக மரபு சொல்லும் ஆரத்திப் பாடலில் வானமே தட்டு, சூரியனும் சந்திரனும் விளக்குகள், விண்மீன்கள் முத்துகள், சந்தன மணமே தூபம், காற்றே சாமரம், காடுகளெல்லாம் மலர்கள். இயற்கையையே கடவுளாக வணங்கச் சொல்வதன்று இது. படைத்தவன் படைப்புக்குள் இருக்கிறான் என்பதால் படைப்பை மதிக்க வேண்டும் என்பதே இதன் நிலை. மரத்துக்குப் பூசை செய்வது சீக்கிய நெறியன்று. ஆனால் ஒரு மரத்தின் பெயரால் வழிபாட்டு இடத்தை அழைப்பது அவர்களுக்கு மிக இயல்பானது. சுல்தான்பூர் லோதியில் இலந்தையின் பெயரால் பேர் சாகிப், மொகாலியில் மாமரத்தின் பெயரால் அம்ப் சாகிப், அமிர்தசரசில் அரச மரத்தின் பெயரால் பிப்லி சாகிப், வேறு ஊர்களில் சீசம் மரத்தின் பெயரால் தாஹ்லி சாகிப், வன்னியின் பெயரால் ஜண்ட் சாகிப் என்று குருத்வாராக்கள் பல உண்டு. பொற்கோயில் வளாகத்தில் உள்ள மூன்று பழைய இலந்தை மரங்களை லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் அறிவியலாளர்கள் வந்து பார்த்துக் கவாத்து செய்து, பூச்சிக்கு மருந்திட்டுப் பராமரிக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது

குழந்தைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் சொல்லித்தர விரும்பும் சீக்கியப் பெற்றோர் பலரும் ஏழாம் குருவான குரு ஹர் ராயின் கதையிலிருந்து தொடங்குவார்கள். சிறுவராக இருந்தபோது அவருடைய அகன்ற அங்கி தோட்டத்துச் செடிகளில் சிக்கிச் சில பூக்கள் உதிர்ந்தன; அதைக் கண்டு வருந்திய அவர், அன்றுமுதல் அங்கியைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார் என்பது அந்தக் கதை. 1644-ஆம் ஆண்டு குருவாகப் பொறுப்பேற்ற அவர், கீரத்பூரில் மூலிகைத் தோட்டமும் மருந்தகமும் வைத்திருந்தார். முகலாய இளவரசர் தாரா ஷுகோ நோயுற்றபோது அங்கிருந்து மருந்து போனதாக மரபு சொல்கிறது. அவர் குருவான நாளாகிய மார்ச் 14-ஐ 2011 முதல் சீக்கியச் சுற்றுச்சூழல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். சீக்கியர்களின் நானக்‌ஷாஹி நாட்காட்டியில் அது சேத் மாதத்தின் முதல் நாள், ஆண்டின் தொடக்கம்.

கதை நல்லதுதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் சொல்லப்படும் கதையைவிட மாதந்தோறும் வரும் ஒரு பழக்கம் பிள்ளைகளிடம் அதிகம் தங்கும். அதற்கான ஏற்பாடும் சீக்கிய மரபிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாதப் பிறப்பையும் ‘சங்கராந்த்’ என்று அழைத்து, அன்று குருத்வாராவில் ‘பாரா மாஹா’ என்னும் பன்னிரு மாதப் பாடலை ஓதுவார்கள். பொதுவாக ஓதப்படுவது ஐந்தாம் குருவான குரு அர்ஜன் இயற்றியது. குருநானக் இயற்றிய இன்னொரு பாரா மாஹா துகாரி ராகத்தில் இருக்கிறது. இயற்கையைக் கண்ணால் பார்த்து எழுதியவர் என்பது அதில் வரிக்கு வரி தெரியும். ஆனி, ஆடியை ஒட்டி வரும் ஆசாட் மாதத்தில் சூரியன் சுட்டெரிக்க, வறண்டு வெந்த பூமி துன்பத்தைப் பொறுத்துக்கொள்கிறது; வெளியெங்கும் சில்வண்டு இரைகிறது. பாதோன் மாதத்தில் மேட்டிலும் பள்ளத்திலும் நீர் நிற்க, தவளையும் மயிலும் கூவ, சாதகப் பறவை ‘பிரியோ பிரியோ’ என்று அழைக்க, பாம்புகள் கடித்துத் திரிய, கொசுக்கள் கடிக்க, குளங்கள் நிரம்பி வழிகின்றன. பக்திப் பாடலில் கொசுவுக்கும் ஓர் இடம் கொடுத்த கவிஞரை நான் விரும்பிப் படிப்பதற்கு இந்த வரியும் ஒரு காரணம்.

மாதப் பிறப்பன்று மாலையில் அந்த மாதத்துக்குரிய செய்யுளைப் பெரியவர்கள் வாசித்துப் பொருள் சொல்லி, அதில் வரும் உயிர்களில் எவற்றை இப்போது தங்கள் ஊரில் பார்க்க முடிகிறது என்று பிள்ளைகளோடு வெளியே போய்ப் பார்த்து வரலாம். தவளைச் சத்தம் கேட்கிறதா, குளத்தில் நீர் இருக்கிறதா, அல்லது குளம் இருந்த இடத்தில் இப்போது குப்பை மேடு இருக்கிறதா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அது அந்த ஊரின் இயற்கைப் பதிவேடாகிவிடும். தாத்தா தம் சிறுவயதில் எங்கே நீந்தினார் என்ற பேச்சும் அப்போதுதான் வரும்.

லங்கரும் சபீலும்

குருத்வாராக்களில் சாதி, மத, பொருள் வேறுபாடு பாராமல் எல்லோரும் தரையில் வரிசையாக அமர்ந்து உண்ணும் பொது உணவுக்கு லங்கர் என்று பெயர். அமிர்தசரஸ் பொற்கோயிலில் அன்றாடம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உண்கிறார்கள். விழா நாட்களில் அது இரு மடங்காகும். இத்தனை பேர் உண்டும் உணவு வீணாவது குறைவாக இருப்பதற்குப் பரிமாறும் முறையும் ஒரு காரணம். தொண்டர்கள் ‘பர்ஷாதா ஜி’, ‘தால் ஜி’ என்று கூவிக்கொண்டே வரிசையில் திரும்பத் திரும்ப வருவார்கள். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். மறுபடியும் வருவார்கள் என்று தெரிந்திருப்பதால் யாரும் தட்டை முன்கூட்டியே நிரப்பிக்கொள்வதில்லை. வாங்கியதை மிச்சம் வைப்பதும் மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. சாப்பிட்டு எழுந்ததும் எஃகுத் தட்டுகள் கழுவும் இடத்துக்குப் போகின்றன. அங்கே நீண்ட தொட்டிகளின் இரு பக்கமும் நின்று, வந்தவர்களே தட்டுகளைத் தேய்க்கிறார்கள். தொழிலதிபரும் கல்லூரி மாணவியும் அடுத்தடுத்து நின்று கழுவுவது அங்கே யாரும் திரும்பிப் பார்க்கும் காட்சியன்று.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டுகளும் தம்ளர்களும் சில குருத்வாராக்களுக்குள் நுழைந்தது வசதி கருதித்தான். வெளிநாடுகளில், தொண்டுக்கு ஆள் குறைவான ஊர்களில், இதை அதிகம் காணலாம். இதை மாற்றுவதற்குப் பெரிய இயக்கம் எதுவும் தேவையில்லை. ஒரு குடும்பம் தன் வீட்டு விசேஷத்துக்காக லங்கர் செலவை ஏற்கும்போது, ‘எஃகுத் தட்டுதான் வேண்டும், கழுவுவதற்கு எங்கள் வீட்டார் வந்து நிற்கிறோம்’ என்று நிர்வாகக் குழுவிடம் சொன்னால் போதும். பணம் கொடுப்பதோடு நிற்காமல் உழைப்பையும் தருவதாகச் சொல்லும் குடும்பத்தை மறுப்பது எந்தக் குழுவுக்கும் எளிதன்று.

சபீல் இதைவிடச் சிக்கலானது. குரு அர்ஜன் 1606-ஆம் ஆண்டு லாகூரில் கொதிக்கும் இரும்புத் தட்டில் உட்காரவைக்கப்பட்டு, தலையில் சுடுமணல் கொட்டப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்த நினைவு நாள் மே, ஜூன் மாதக் கடும் வெயிலில் வருகிறது. அன்று பஞ்சாப் முழுவதும் சாலையோரங்களில் பந்தலிட்டு, பாலும் தண்ணீரும் சர்க்கரையும் ரோஜா சர்பத்தும் பனிக்கட்டியும் கலந்த பானத்தை வழிப்போக்கர்களுக்கு வழங்குவார்கள். அந்தப் பந்தலும் பானமும்தான் சபீல். கொடுமைக்கு ஆளானவரின் நினைவாகப் பிறர் தாகத்தைத் தணிப்பது எவ்வளவு உயர்ந்த எண்ணம்! ஆனால் மாலையில் அதே சாலையைப் பார்த்தால், கால் வைக்க இடமின்றிப் பிளாஸ்டிக் தம்ளர்கள் சிதறிக் கிடக்கும். வடிகால் வாயில் அவை அடைத்துக்கொண்டிருக்கும்.

பேருந்தும் டிராக்டரும் நின்று நிற்காமல் போகிற இடத்தில் எஃகுத் தம்ளர் சரிப்படாது என்று சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். அதனால் சில இடங்களில் சாலை ஓரத்திலிருந்து பந்தலைச் சற்று உள்ளே தள்ளி, வண்டிகளை நிறுத்த இடம் விட்டு, இறங்கி வந்து குடிக்கச் செய்கிறார்கள். வீட்டுக்கு வீடு இருபது முப்பது தம்ளர் கொண்டுவந்தால் தெருவுக்கே போதும். குறி தெரிவதற்கு அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் மாலையில் யாருடையது எது என்ற தகராறு வராது. ஒரு தொட்டியில் சாம்பலோ சோப்போ போட்ட தண்ணீர், இரண்டாவதில் அலசும் தண்ணீர், மூன்றாவதில் நல்ல தண்ணீர் என்று வைத்து, வயதில் மூத்த பிள்ளைகளைக் கழுவ விட்டு, சிறியவர்களைக் காலித் தம்ளர் பொறுக்கி வர அனுப்பலாம். அலசும் தண்ணீரைச் சாலையோர மரத்தடியில் ஊற்றிவிடலாம். பானம் ஊற்றிக் கொடுக்கும் வேலைக்கு எப்போதும் போட்டி இருக்கும். கழுவும் வேலைக்குத்தான் ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையைக் குடும்பத்தில் மூத்தவர் முதலில் எடுத்துக்கொண்டால் பிறகு பேச்சுக்கே இடமில்லை.

ஒரு தாயும் மகனும்

குடும்பத்தில் கற்றுக்கொண்டது ஒரு மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்குப் பகத் பூரன் சிங்கின் வாழ்க்கை சான்று. லூதியானா மாவட்டத்தில் 1904-ஆம் ஆண்டு பிறந்த அவரை வளர்த்த தாய் மெஹ்தாப் கவுர், பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் கண்டால் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும், மரம் நட்டு நீர் ஊற்ற வேண்டும், பறவைக்கும் விலங்குக்கும் தண்ணீர் வைக்க வேண்டும் என்று சிறுவயதிலேயே பழக்கினார். லாகூர் குருத்வாரா ஒன்றில் தொண்டு செய்துவந்த காலத்தில், 1934-இல், உடல் ஊனமுற்ற நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே விட்டுச் செல்லப்பட்டான். அவனைப் பியாரா சிங் என்று பெயரிட்டு அழைத்து, முதுகில் சுமந்தே வளர்த்தார் பூரன் சிங். பிரிவினையின்போது அகதியாக அமிர்தசரஸ் வந்து சேர்ந்தபின், கைவிடப்பட்டவர்களுக்காக அவர் உருவாக்கிய இல்லமே பிங்கல்வாரா.

ஊனமுற்றவர்களுக்கான சேவையாளராகவே அவரைப் பலரும் அறிவார்கள். மண் அரிப்பு, காடழிப்பு, காற்று மாசு ஆகியவற்றைப் பற்றி, இந்தியாவில் அந்தச் சொற்கள் பரவலாவதற்கு வெகுகாலம் முன்பே, அவர் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். ஒரு பக்கம் அச்சான கழிவுத் தாளின் மறுபக்கத்தில் அவற்றை அச்சிட்டுப் பொற்கோயில் வாசலில் இலவசமாகக் கொடுத்தார். தெருவில் நடக்கும்போது ஆணியையும் குதிரை லாடத்தையும் கல்லையும் பொறுக்கும் பழக்கத்தை 1992-இல் இறக்கும்வரை விடவில்லை. பிங்கல்வாரா அமைப்பு இன்றும் ஜண்டியாலா குரு அருகே தீரேகோட் கிராமத்தில் இரசாயன உரமில்லாத பண்ணை ஒன்றை நடத்துகிறது.

காலி பேய்ன்

குடும்பங்கள் பல ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அடுத்த எடுத்துக்காட்டு ஓர் ஆறு. ஹோஷியார்பூர் மாவட்டத்தில் தோன்றி, சுமார் 160 கிலோமீட்டர் ஓடி, ஹரிகே அருகே பெரிய ஆற்றில் கலக்கும் காலி பேய்ன் என்னும் சிற்றாறு சீக்கியர்களுக்குப் புனிதமானது. சுல்தான்பூர் லோதியில் இருந்த காலத்தில் அதில் நீராட இறங்கிய குருநானக் மூன்று நாள் கழித்து வெளியே வந்து தம் முதல் போதனையைச் சொன்னார் என்பது மரபு. அந்த ஆற்றில் வழியெங்கும் ஊர்ச் சாக்கடைகள் கலந்து, ஆகாயத்தாமரை மூடி, பல இடங்களில் நீரோட்டமே நின்றுபோயிற்று.

2000-ஆம் ஆண்டில் சீச்சேவால் கிராமத்தைச் சேர்ந்த சமயத் தொண்டர் பல்பீர் சிங் சீச்சேவால், சில தொண்டர்களோடு ஆற்றில் இறங்கிக் கையால் களைகளை இழுத்துப் போடத் தொடங்கினார். குருத்வாராக் குளங்களைத் தூர்வாரும்போது ஊரே திரண்டு கூடைகூடையாக மண் சுமக்கும் ‘கார் சேவா’ என்ற பழைய முறையைத்தான் அவர் ஆற்றுக்குப் பயன்படுத்தினார். கிராமங்களிலிருந்து தந்தையும் மகனும் ஒன்றாக வந்து சேற்றில் நின்றார்கள். பெண்கள் வீட்டிலிருந்து ரொட்டி சுட்டு அனுப்பினார்கள். ஆனால் களை எடுப்பதோடு வேலை முடியவில்லை. சாக்கடை கலந்துகொண்டிருக்கும்வரை ஆறு தூய்மையாகாது என்பதால், கிராமக் கழிவுநீரை அடுத்தடுத்து அமைந்த கிணறுகளில் சுழலவும் படியவும் விட்டு, பிறகு குளத்தில் தேக்கி, அங்கிருந்து குழாய் வழியே வயலுக்குப் பாய்ச்சும் எளிய முறையை அவர் பரப்பினார். சீச்சேவால் முறை என்று இன்று அதற்குப் பெயர். குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் 2006-இல் அங்கே நேரில் சென்று பார்த்தார். குருநானக் தம் தென்னகப் பயணத்தில் ராமேஸ்வரம் வந்ததாகச் சீக்கிய மரபு சொல்கிறது. அதே ராமேஸ்வரத்தில் பிறந்தவர் நானக் நீராடிய ஆற்றங்கரையில் போய் நின்றார் என்பது தமிழ் வாசகருக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. சீச்சேவாலுக்கு 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022-இல் மாநிலங்களவை உறுப்பினரானார்.

ஆற்றங்கரைக் குடும்பம் ஒன்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது, தன் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒருமுறை நடந்து போய்ப் பார்ப்பது. பெரும்பாலானோருக்கு அது தெருமுனை வரைதான் தெரியும்.

கடினமான பகுதி

இதுவரை சொன்னவை எல்லாம் மனமிருந்தால் நடப்பவை. ஆனால் நீரைத் தந்தை என்று தினமும் ஓதும் மண்ணில் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. மழையாலும் கால்வாயாலும் நிலத்துக்குள் சேருகிற நீரில் எடுக்கத்தக்க அளவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பஞ்சாப் எடுத்துவருகிறது. இதற்கு முக்கியக் காரணம் நெல். பஞ்சாபியர்களின் அன்றாட உணவு ரொட்டிதான். 1970-71-இல் அங்கே சுமார் 3.9 லட்சம் ஹெக்டேரில் மட்டுமே நெல் விளைந்தது. இன்று அது 30 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை தந்து கொள்முதல் செய்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், வேறு பயிருக்கு விலை உறுதி இல்லை. நாட்டின் பசியைத் தீர்க்கச் சொல்லி இந்தப் பாதையில் விவசாயியை இறக்கிவிட்டது நாடுதான் என்பதால், குற்றவாளிக் கூண்டில் அவரை மட்டும் நிறுத்துவது நியாயமன்று.

வைக்கோல் எரிப்பும் இதோடு பின்னிக்கிடக்கிறது. கொளுத்தும் வெயிலில் நாற்று நட்டு நீரை ஆவியாக விடக்கூடாது என்பதற்காக, குறிப்பிட்ட நாளுக்கு முன் நெல் நடவு கூடாது என்று 2009-இல் மாநில அரசு சட்டம் இயற்றியது. நடவு ஜூனுக்குத் தள்ளிப்போனதால் அறுவடையும் அக்டோபரில் பின்னுக்குப் போயிற்று. கோதுமையை நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மணி முற்றும் நேரத்தில் வெப்பம் வந்து விளைச்சலைக் குறைத்துவிடும். இடையில் கிடைக்கும் இரண்டு மூன்று வாரத்துக்குள் அறுவடை எந்திரம் விட்டுச்சென்ற தாளையும் வைக்கோலையும் அகற்ற மலிவான வழி தீக்குச்சி. நீரைக் காக்க எடுத்த நடவடிக்கை காற்றுக்குக் கேடாக முடிந்த கதை இது. வைக்கோலை வெட்டி ஒதுக்கி, அதனூடே கோதுமையை விதைத்து, வைக்கோலையே மேலே மூடாக்காகப் பரப்பும் ‘ஹேப்பி சீடர்’ போன்ற எந்திரங்கள் இருக்கின்றன. சிறு விவசாயிக்கு அவை வாடகைக்குக் கிடைக்க வேண்டும், அதுவும் உரிய வாரத்தில் கிடைக்க வேண்டும்.

இதில் குடும்பம் என்ன செய்ய முடியும்? பஞ்சாபில் நிலம் பெரும்பாலும் குடும்பச் சொத்து. எதை விதைப்பது, எரிப்பதா வேண்டாமா என்ற முடிவு வீட்டுக்குள் எடுக்கப்படுகிறது. அந்த முடிவைத் தந்தையும் மூத்த மகனும் மட்டும் எடுக்காமல், புகையில் இருமும் பாட்டியும், கணக்கு வைக்கும் மருமகளும் இருக்கும் இடத்தில் பேசி எடுப்பதே முதல் மாற்றம் என்று நான் நினைக்கிறேன். அடுத்ததாக, சீக்கியர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை அறத்துக்கு ஒதுக்கும் ‘தஸ்வந்த்’ என்னும் வழக்கத்தை நிலத்துக்கும் நீட்டலாம். பத்து ஏக்கர் உள்ள குடும்பம் ஓர் ஏக்கரில் நெல்லை விட்டு மக்காச்சோளமோ பயறோ போட்டுப் பார்ப்பதும், அந்த ஏக்கரில் தீ வைப்பதில்லை என்று முடிவு செய்வதும் தாங்கக்கூடிய துணிவுதான். நட்டம் வந்தாலும் குடும்பம் கவிழ்ந்துவிடாது. விளைந்தால் அடுத்த ஆண்டு இரண்டாவது ஏக்கர். நெல்லையே போடுவதென்றால் நாற்று நடாமல் நேரடியாக விதைக்கும் முறையும், குறைந்த நாளில் விளையும் பி.ஆர். 126 போன்ற இரகமும் இருக்கின்றன; நேரடி விதைப்புக்கு 2022 முதல் ஏக்கருக்கு 1,500 ரூபாய் மாநில அரசு தருகிறது.

வீட்டுத் தோட்டம் இதைவிட எளிதில் பற்றிக்கொள்ளும். ஏக்கரில் எட்டில் ஒரு பங்கான ஒரு கனால் நிலத்தை வீட்டுக்கு அருகே ஒதுக்கி, பூச்சிமருந்து அடிக்காமல் சுரை, பீர்க்கு, வெண்டை, வெந்தயக் கீரை, கடுகுக் கீரை போட்டால் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் போதும். ஃபரீத்கோட் மாவட்டம் ஜைத்தோவிலிருந்து இயங்கும் கேத்தி விராசத் மிஷன் என்னும் அமைப்பு கிராமத்துப் பெண்களிடையே இத்தகைய தோட்டங்களை வளர்த்துவருகிறது. சந்தைக்குப் போகும் பயிருக்கு அடிப்பதைத் தன் பிள்ளை உண்ணும் காய்க்கு அடிக்கத் தயங்கும் தாயிடமிருந்துதான் மருந்தைப் பற்றிய கேள்வி வயலுக்குப் போகிறது.

மரம் நடும் காலம்

மரம் நடுதலைக் கடைசியில் வைத்தது அது முக்கியமில்லை என்பதால் அன்று. எல்லோரும் முதலில் நினைப்பது அதுதான் என்பதால். குருநானக்கின் 550-ஆவது பிறந்த ஆண்டான 2019-ஐ ஒட்டி, ஈகோசிக் என்ற அமைப்பின் தூண்டுதலில் ஊர்தோறும் 550 மரங்கள் கொண்ட சிறு காடுகள் நெருக்கமாக நடப்பட்டன. மோகா மாவட்டம் பத்தோ ஹீரா சிங் கிராமத்தில், குரு கிரந்த சாகிப்பில் பெயர் வரும் செடி, கொடி, மரங்களைத் தேடிச் சேர்த்து ஒரு தோட்டமே அமைத்திருக்கிறார்கள். பாடலில் கேட்ட மரத்தைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்ற இடம். சில குருத்வாராக்கள் இனிப்போடு மரக்கன்றையும் பிரசாதமாகத் தருகின்றன.

மார்ச் 14 அன்று கன்று நடுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பஞ்சாபில் இலையுதிர்க்கும் மரங்களைக் குளிர் முடியும் பிப்ரவரி, மார்ச்சிலும், எப்போதும் பசுமையாக நிற்கும் மா, நாவல் போன்றவற்றைப் பெரும்பாலும் மழைக்காலமாகிய ஜூலை, ஆகஸ்டிலும் நடுவார்கள். மார்ச்சில் நட்ட கன்று வேர்பிடிக்குமுன் மே மாத வெயில் வந்துவிடும் என்பதால், விழா நாளில் நட்டவற்றில் பல அடுத்த மழையைப் பார்ப்பதில்லை. ஆகவே கன்றை வாங்கும் குடும்பம், ஜூன் முடியும்வரை எந்த நாளில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று வீட்டில் முறை வைத்துக்கொள்ள வேண்டும். கன்றின் அருகே அடியில் துளையிட்ட மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, திரியிட்டு, நிரப்பிவைத்தால் ஊற்றும் நீர் வீணாகாது. விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். அப்படியும் பட்டுப்போனால், குருத்வாராவில் வைத்திருக்கும் பதிவேட்டில் அதைக் குறித்துக்கொண்டு, முதல் மழைக்குப் பிறகு அதே குழியில் அதே குடும்பம் வேறு கன்றை நட வேண்டும்.